ஐந்தாம் மேசைப் பெரியவர்

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறையில் ஐந்தாம் மேசையை நெருங்கும்போதே அந்த முதலாண்டு மாணவிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிணம் என்று ஒன்றை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. மருந்து நெடி வேறு கண்ணைக் கரித்தது. மயங்கி விழுந்து மானத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வகுப்பில் ஏற்கெனவே அவளுக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பேர்.

மேசைமேல் ஒரு பெரியவர். மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி அழுந்திய தழும்பு அப்படியே இருந்தது. யாரோ வீட்டுத் தாத்தா. அதைப் பார்த்ததும் பயம் எங்கோ போய்விட்டது.

"முன்கையில ஆரம்பிங்க. தோலை எடுத்து அந்த வாளியில போடுங்க," என்றார் புரொபசர்.

கத்தி அவள் கையில். தோல் கறுத்துக் கிடந்ததால், வெட்டுமுன் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். பச்சை நிறத்தில் ஓர் எண் தெரிந்தது. இன்னும் துடைத்தாள். முழு போன் நம்பர்!

அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் அண்ணன் பச்சை குத்தும் கடை வைத்திருக்கிறான். மறதி நோய் வந்த பெற்றோரைக் கூட்டிவந்து, வழி தவறினால் யாராவது கூப்பிடட்டும் என்று பிள்ளைகள் இப்படித்தான் அவர்கள் கையில் நம்பர் குத்தச் சொல்வார்கள்.

"அண்ணே, இவர் எப்படி இங்க வந்தார்?" என்று பக்கத்தில் நின்ற அட்டெண்டரைக் கேட்டாள்.

"ரோட்டுல கிடந்தாராம்மா. எட்டு மாசமாச்சு, கேக்க ஆள் வரல. ரிஜிஸ்டர்லயே இருக்கு, 'அடையாளம் எதுவும் இல்லை'ன்னு. மூணு கையெழுத்து."

"யாராவது கையைத் துடைச்சுப் பார்த்தாங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார்.

அடப்பாவிகளா! அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். ஓர் ஈரத்துணியை எடுக்க ஒருத்தருக்கும் உடம்பு வளையவில்லை.

"என்ன அங்க கதை? வெட்டு," என்றார் புரொபசர்.

"சார், கையில வீட்டு போன் நம்பர் இருக்கு சார்."

"எழுதி ஆபீஸ்ல குடு. அவங்க பார்த்துப்பாங்க."

"எட்டு மாசமா அவங்க பார்த்த லட்சணம்தானே சார் இது? வெட்டின பிறகு யாராவது வந்து கேட்டா எப்படிக் குடுப்பீங்க? வாளியிலயா?"

புரொபசரின் முகம் சிவந்தது. "வெட்டலைன்னா வெளியே போ. உனக்கு இந்த வருஷம் பாஸ் கிடையாது!"

"சரி சார்," என்று அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, தன் போனில் அந்த எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள். இவள் வாயைத் திறக்கும் முன்பே ஒரு பெண் குரல் பாய்ந்து வந்தது.

"அப்பா கிடைச்சுட்டாரா? அவர் கையைக் கெட்டியா பிடிச்சுக்குங்க, விட்டா நடந்து போயிடுவார். எங்கன்னு சொல்லுங்க, இதோ வந்துடறேன்!"

அவள் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் போனைப் புரொபசரிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க சார்."