முப்பத்தைந்து கெஜம்

மூன்று போன்களிலும் பதிவாகியிருந்தது ஒரே பாட்டுதான். ஆனால் டெலியா ஸ்டோவரின் காலடியில் இருந்த போனில் டிரம் பிந்தியது. டேரியன் குபியாக்கின் காலடியில் இருந்த போனில் டெலியா மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா பிந்தியது. கேலரியின் உச்சிப் படியில் வைத்திருந்த போனில் மரிம்பா முந்தியது.

"இரண்டுக்கு ஒண்ணு. நீதான் லேட்டு" என்றாள் டெலியா.

"என் போனுக்குக் காது கேக்காதா? அதுல நீதானே இழுத்துக்கிட்டு வர்ற?" என்றான் டேரியன். "முந்துறதும் நீ, பிந்துறதும் நீ. ரெண்டையும் ஒரே நேரத்துல எப்படிடீ செய்யற?"

அது செவ்வாய்க்கிழமை. பள்ளியின் பேண்டு அறைக்குள் பத்தடி இடைவெளியில் நின்று வாசித்தால் இருவரும் ஒரு மயிரிழை பிசகுவதில்லை. மைதானத்துக்குப் போனால்தான் இந்தத் தகராறு.

வெள்ளிக்கிழமை ஹோம்கமிங் ஆட்டம். பழைய மாணவர்கள், பெற்றோர், பாதி ஊர் வந்து உட்கார்ந்திருக்கும். கால்பந்தாட்ட இடைவேளையில் பேண்டு மூன்று பாட்டு வாசிக்கும். மூன்றாவது பாட்டின் நடுவே மற்ற எண்பத்தெட்டு பேரும் சட்டென்று நிறுத்திவிட, இருபத்தைந்து வினாடிகளுக்கு இரண்டே சத்தம்: மைதானத்தின் முன் ஓரத்தில் டெலியாவின் மரிம்பா, பின்கோடி மூலையில் டேரியனின் தலைமையில் ஸ்னேர் டிரம் வரிசை. அந்த இருபத்தைந்து வினாடிகளுக்காக டெலியா மூன்று வருடம் காத்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் அவளுக்குக் கிடைத்தது டிங் என்று தட்டும் முக்கோணக் கம்பி. பத்தாம் வகுப்பில் மழை வந்தால் கருவிகள்மேல் தார்ப்பாய் இழுத்துப் போடும் வேலை. பதினொன்றில் மரிம்பா வந்தது, ஆனால் தனியாக ஒரு வரிகூட இல்லை. இது பன்னிரண்டு, கடைசி வருடம்.

பேண்டு ஆசிரியை மிஸ் ஃபீல்டிங் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். அவருக்குப் பத்து நாள் குழந்தை. யாரும் போன் செய்யக்கூடாது என்று பேண்டு மொத்தமும் சத்தியம் செய்திருந்தது. அவருக்குப் பதிலாக வந்திருந்த மிஸ்டர் ஹால்வர்சன் வயலின் வகுப்பு எடுப்பவர். கூரை இல்லாத இடத்தில் இசை நடக்கும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. மடக்கு நாற்காலியும் குடையுமாகக் கேலரி உச்சியில் உட்கார்ந்து கேட்பார். நல்ல மனிதர், அதனாலேயே அவர் சொன்னது இன்னும் வலித்தது.

"தப்பு யாருதுன்னு எனக்குப் புரியலம்மா. ஆனா மேல உக்காந்தா ரெண்டும் ஒட்டவே இல்ல. வியாழக்கிழமைக்குள்ள சேரலேன்னா அந்த இடத்தை டிரம்பெட்டுக்குக் குடுத்துடறேன். அவங்க டிரம்முக்குப் பக்கத்துலயே நிக்கிறாங்க."

"சார், நான் மெட்ரோனோம் வச்சு, அதோட டிக் டிக்குக்குத் தாளம் பிசகாமப் பழகறேன் சார். தினமும் ரெண்டு மணி நேரம்."

"தெரியும்மா. அதான் எனக்கும் கஷ்டமா இருக்கு."

புதன்கிழமை ஒத்திகையில் எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போனபோது டெலியா டேரியனை நிறுத்திவைத்தாள். டிரம் மேஜர் ஜாஸ்லினையும் விடவில்லை. முன் ஓரத்தில் உயரமான மேடைமேல் நின்று கை வீசி எல்லாருக்கும் தாளம் காட்டுபவள் அவள்தான். மரிம்பா வாசிக்கிறவர்கள் கேலரியைப் பார்த்து நிற்பார்கள். ஜாஸ்லினின் கை அவர்கள் கண்ணுக்கு நேரே இருக்கும், டிரம்கள் முதுகுக்குப் பின்னால்.

"டேரியன், நீ உன் இடத்துல ஆரம்பி. நாலு வரி அடிப்போம். அப்புறம் பதினாறு காலடி முன்னாடி வா. மறுபடி நாலு வரி."

"எதுக்கு?"

"எங்க சேருதுன்னு பாக்கணும்."

பேண்டுக்காரர்களுக்கு மைதானம் ஒரு அளவுகோல். ஐந்து கெஜத்துக்கு எட்டு காலடி என்று நடந்து நடந்து, கண்ணை மூடிக்கொண்டும் அவர்கள் கால் பிசகாது. டேரியனின் இடம் மரிம்பாவுக்குப் பின்னால் ஐம்பத்தாறு காலடி, அதாவது முப்பத்தைந்து கெஜம். அங்கே வழக்கம்போல் டிரம் பிந்தியது. நாற்பதாவது காலடியில் கொஞ்சம் குறைந்தது. இருபத்துநாலில் இன்னும் குறைந்தது. எட்டில் வந்து நின்று அடித்தபோது இரண்டும் ஒரே கருவிபோல் ஒட்டிக்கொண்டன.

"பாத்தியா, பக்கத்துல வந்தா நீ திருந்திடற" என்றான் டேரியன்.

"நான் எதையும் மாத்தலடா."

"நானும்தான் மாத்தல."

"ரெண்டு பேரும் மாத்தலேன்னா என்னை எதுக்கு வெயில்ல நிறுத்தியிருக்கீங்க?" என்றாள் ஜாஸ்லின், ஒரு கையால் தாளமும் மறுகையால் ப்ரெட்ஸல் பிஸ்கட்டுமாக.

டேரியன் முணுமுணுத்துக்கொண்டே தன் இடத்துக்கு நடந்தான். டெலியா ஏதோ கத்துவதற்காகத் திரும்பினாள். அவன் கோபத்தில் டிரம்மை ஓங்கி ஒரு அடி அடித்தான். குச்சி தோலில் பட்டு மேலே எழும்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் 'டக்' என்று கேட்டது.

மூன்று வருடத்தில் முதல் முறையாக அவள் அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டே அதன் சத்தத்தைக் கேட்டாள்.

"இன்னொரு தடவை அடி!"

அடித்தான். குச்சி எழும்பியது, பிறகு டக்.

"டேய் குபியாக், யாருமே லேட்டு இல்லடா! ஓடி வா இங்க!"

அவன் வருவதற்குள் அவள் பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டிருந்தாள். சத்தம் ஒரு வினாடியில் ஏறத்தாழ முந்நூற்று நாற்பது மீட்டர் போகும். முப்பத்தைந்து கெஜம் என்பது முப்பத்திரண்டு மீட்டர். அதைக் கடக்கச் சத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வினாடி வேண்டும். கேட்கச் சிறிய நேரம்தான். ஆனால் அந்தப் பாட்டின் தாளத்தில் ஒரு தட்டே பத்தில் நான்கு பங்கு வினாடி, அதற்குள் மரிம்பாவில் நான்கு அடி விழ வேண்டும். ஆக, சத்தம் வழியில் இருக்கும் நேரத்தில் ஒரு அடி கூடுதலாகப் போய்விடுகிறது.

"ஜாஸ்லின் கை ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தெரியுது" என்றாள் டெலியா. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துலதான் அடிக்கிறோம். உன் சத்தம் என்கிட்ட வர நேரமாகுது, அதனால எனக்கு நீ லேட்டு. என் சத்தம் உன்கிட்ட வர அதே நேரமாகுது, உனக்கு நான் லேட்டு. கேலரிக்கு நான் பக்கம், நீ தூரம். அதனால ஹால்வர்சன் சாருக்கு நான் முந்திக்கறேன்."

டேரியன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்போ மூணு போனும் உண்மையத்தான் சொல்லிச்சா?"

"மூணுமே."

"சே. ரெண்டு நாளா உன்னைத் திட்டினது எல்லாம் வீண்."

"அப்போ நீ முன்னாடியே அடிச்சுடேன்."

"என் கால் என்ன பண்ணும்? எங்க டிரம்மை வச்சுத்தான் பின்னாடி அத்தனை பேரும் அடி எடுத்து வைக்கிறாங்க. நான் கையை மட்டும் முன்னாடி விட்டா, மொத்தப் பேரும் முட்டிக்கிட்டு விழுவாங்க. உன் மரிம்பாவுக்கு என்ன, காலா இருக்கு?"

மாற வேண்டியது அவள்தான். முதலில், கையைப் பார்த்துவிட்டு ஒரு அடி தாமதமாக வாசிக்க முயன்றாள். அது நடந்துகொண்டே இன்னொருவரின் நடையை எண்ணுவதுபோல் இருந்தது. மூன்றாவது வரியில் குச்சிகள் ஒன்றோடொன்று மோதின. டேரியன் சிரிக்கவில்லை, அதுவே பயமாக இருந்தது.

இரண்டாம் முயற்சிக்கு முன்னால் டெலியா குச்சிகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள். காலையில் ஏறிவரும் மஞ்சள் பஸ்ஸை நினைத்துக்கொண்டாள். அவள் வீடு கடைசி நிறுத்தம். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று அவள் பார்ப்பதே இல்லை. வாசலுக்கு வந்ததும் ஏறிக்கொள்வாள். முதலில் ஏறியவனும் கடைசியில் ஏறிய அவளும் பள்ளியில் ஒன்றாகத்தான் இறங்குகிறார்கள். டிரம் சத்தம் தன்னிடம் வந்ததும் அதிலும் அப்படியே ஏறிக்கொண்டால் என்ன?

"ஜாஸ்லின், நீ பாட்டுக்குக் கையை வீசு. நான் உன்னைப் பாக்க மாட்டேன்."

"மூணு வருஷமா 'என்னையே பாரு, என்னையே பாரு'ன்னு கத்தியிருக்கேன்."

"இருபத்தஞ்சு செகண்டுதான். அப்புறம் உன்னையே பாக்கறேன், போதுமா?"

சொல்வது சுலபம், பழகிய கண் கேட்பதாயில்லை. புதன்கிழமை ஆறு முறை முயன்றதில் நான்கு முறை பார்வை தானாக மேடைக்கு ஏறி, கையோடு ஓடிப்போய்விட்டது. வியாழக்கிழமை அவள் தொப்பியின் விளிம்பைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். தெரிந்தது மரக்கட்டைகளும் தன் நான்கு குச்சிகளும் அவற்றுக்கு அப்பால் கொஞ்சம் புல்லும் மட்டும்.

எண்பத்தெட்டு பேரும் நிறுத்தினார்கள். முதுகுக்குப் பின்னாலிருந்து டிரம் வந்தது. அவள் அதில் ஏறிக்கொண்டாள். தான் தூங்கிவழிவதுபோல் அவளுக்கே தோன்றியது. ஜாஸ்லினின் கை நிழல் புல்தரையில் அவள் அடிகளை முந்திப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைத் துரத்தவில்லை. இருபத்தைந்து வினாடிகள் முடிந்து பித்தளைக் கருவிகள் எல்லாம் சேர்ந்து முழங்கியபோதுதான், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது.

ஹால்வர்சன் குடையை மேலேயே மறந்துவிட்டு இறங்கி வந்தார்.

"மறுபடி வாசிங்க."

வாசித்தார்கள்.

"ஒட்டிக்கிச்சு" என்றார் அவர். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "இது உன்னோட இடம்தான். டிரம்பெட்டுக்குக் கிடையாது. ஆனா என்னம்மா மாத்தின? இன்னும் வேகமாப் பழகினியா?"

"இல்ல சார்."

"பின்ன என்ன? மிஸ் ஃபீல்டிங் திரும்பி வந்தா கேப்பாங்க, எழுதி வச்சுக்கறேன்." பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, பாட்டுத்தாளில் மரிம்பா தொடங்கும் இடத்தின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

டெலியா நிதானமாகச் சொன்னாள், அவர் எழுதினார்: "இந்த இருபத்தைந்து வினாடியும் டிரம் மேஜரின் கையைப் பார்க்க வேண்டாம். டிரம் பின்கோடியில் கையைப் பார்த்தே அடிக்கட்டும். முன் ஓரத்து மரிம்பா, டிரம் தன் காதில் விழும் நேரத்தில் அடிக்க வேண்டும். இரண்டு சத்தமும் கேலரிக்கு ஒன்றாகப் போய்ச் சேரும்."