நார்த்தங்காயும் பீரும்

சமையல் நூல்கள் எழுதும் வேணி, தன் புதுப் புத்தகத்தோடு திருமானூரில் அண்ணி தையல்நாயகி வீட்டுக்குப் போனாள். அண்ணி போடும் உப்பு நார்த்தங்காயைப் பற்றி அதில் எழுதியிருந்தாள். ஆசையாகப் படித்துக்கொண்டு வந்த தையல்நாயகி, 'கிராஃப்ட் பீருக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை' என்ற வரியில் முகம் சிவந்தாள்.

"குடிச்சுக் குடிச்சே செத்தாரு உங்கண்ணன். என் ஊறுகாய குடிகாரனுக்குத் தொட்டுக்கச் சொல்றியா?"

"இது வேற பீரு அண்ணி. ருசிக்காகக் காய்ச்சுறது."

"அவரும் ருசிக்குன்னுதான் ஆரம்பிச்சாரு."

அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். வேணியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"அவன் என் அண்ணன்! எனக்கும் அந்த வலி இருக்கு!" என்று கத்தினாள் வேணி.

"அப்புறம் எப்புடிடி எழுத மனசு வந்துச்சு?" என்றது உள்ளிருந்து குரல்.

வேணி பஸ்ஸுக்கு நடந்தாள்.