துண்டு எடுக்க வருபவர்

பத்திரம் பதிவாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாவியைக் கைமாற்றும் முன் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். கதவெல்லாம் திறக்கிறதா, பழைய சாமான் ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டால் ஏஜெண்டாக என் வேலை முடிந்தது. வீட்டை விற்ற டீச்சர் கூடத்தில் நின்றிருந்தார். பதினோரு வருடத்துக்கு முன் வெளியே போன அவர் கணவர் திரும்பவே இல்லை. வீடு இருவர் பெயரிலும் இருந்தது. கணவர் இறந்துவிட்டதாகக் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கினால்தான் விற்க முடியும் என்று டீச்சரைக் கரையாகக் கரைத்துச் சம்மதிக்க வைத்தது நான்தான். வக்கீலைப் பிடித்ததும் நான்தான்.

உள் அறையில் மத்தியான வெயில் சதுரமாக விழுந்திருந்தது. அதற்குள் ஈரக் கால்தடங்கள். பெரிய, ஆண்பிள்ளைக் கால்கள். குளியலறையிலிருந்து வந்து, சுவரோரம் கட்டில் கிடந்த இடத்தில் நின்றிருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. குளியலறைக் குழாயைத் திருகினேன். காற்றுதான் சீறியது. தண்ணீர் இணைப்பை முந்தாநாளே மூடச் சொல்லியிருந்தேன்.

“டீச்சர்…”

அவர் அறை வாசலில் வந்து பார்த்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“துண்டு எடுக்க வருவாரு. கட்டில் மேலதான் மடிச்சு வெப்பேன். கட்டில நேத்தே லாரில ஏத்திட்டேன். பாவம், தேடியிருப்பாரு.”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொல்லியிருந்தா அந்தக் கோர்ட்டு பேப்பர வாங்கிக் குடுத்திருப்பீங்களா? வெளியூர்ல என் பொண்ணு கைக்குழந்தையோட தனியா கெடந்து அல்லாடுறா. நான் போயே ஆகணும்மா.”

வெளியே கார் வந்து நின்றது. வீட்டை வாங்கிய கணவனும் மனைவியும். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். இத்தனை வருடத்தில் ஒரு சின்ன விரிசலைக்கூட நான் மறைத்ததில்லை. ஆனால் அப்போது மண்டியிட்டு, என் துப்பட்டாவாலேயே ஒவ்வொரு தடமாகத் துடைத்தேன். டீச்சர் வெறும் சுவரைப் பார்த்து, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல, மகள் வீட்டு விலாசத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்பதுவரை.

சாவியைக் கொடுத்தேன்.

“சோப்பு வாசன வருதுல்ல? நல்லா கழுவி விட்டிருக்காங்க” என்று அந்தப் பெண் கணவனிடம் சந்தோஷமாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

வெளியே வந்து துப்பட்டாவின் முனையைப் பிழிந்தேன். ஏழெட்டுத் தடம் துடைத்த துணிதான். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, வெதுவெதுப்பாக, என் கால்விரல்களை நனைத்து, படியிறங்கி, தெருமுனை பஸ் ஸ்டாப் பக்கமாக.