நிறுத்தி வைத்த எண்

புரோகிராமில் பழைய ஃபங்ஷனைக் கூப்பிட்ட நாற்பத்தோரு இடங்களையும் மாற்றிய பிறகு, அதை அடியோடு அழித்துவிட்டு, பெருசு சோதனைப் பொத்தானை அழுத்தினார். ஒன்றுமே உடையவில்லை. சோதனை முடிவுகள் பச்சைப் பசேலென்று வரிசைகட்டி வந்தன. ஆறாயிரத்துச் சொச்சமும் பாஸ். அவர் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். மறுபடியும் பச்சை. இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவர் கைவைத்து எதுவும் உடையாமல் இருந்ததில்லை. உடைந்தால் எங்கே என்று தெரியும், திட்டு வாங்கலாம், ஒட்டலாம். உடையாவிட்டால் என்ன செய்வது? சரியாகச் செய்துவிட்டார் என்று ஒரு விளக்கம் இருக்கத்தான் செய்தது. அதை நம்புகிற அளவுக்கு அவருக்குத் தன்மேல் மரியாதை கிடையாது.

முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவர் அண்ணா. முதுகுக்குப் பின்னால் பெருசு. ஞாபகமறதியில் சிலருக்கு முகத்துக்கு நேரேயும் பெருசு. அந்த அலுவலகத்தில் செய்வது ஒரு டீபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை அப்படியே நிற்க வைத்து, சட்டைப்பையைச் சோதனை போடும் மென்பொருள். அந்தப் பைகளுக்கு ரிஜிஸ்டர் என்று பெயர். சிப் அந்த நொடியில் கையில் வைத்திருக்கும் எண்கள் அதில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் சிப்பிடம் போய்க் கேட்டால் நேரமாகும் என்று, ஒருமுறை கேட்டதை டீபக்கர் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கிறவன் பையில் என்ன மாறிவிடப் போகிறது? பழைய ஏற்பாட்டில் அந்த நகல் ஒரு பொதுப் பலகை மாதிரி. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம், யார் அழித்தது என்று கேட்டால் எல்லோரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள். அதை ஒழித்துவிட்டு, முறையாகக் கேட்டு முறையாக வாங்கும் புது வழிக்கு எல்லாவற்றையும் மாற்றுவதுதான் பெருசின் இரண்டு வருட வேலை.

எதையும் சட்டென்று அழிப்பது அங்கே வழக்கமில்லை. முதலில் பழைய ஃபங்ஷனின் பெயருக்கு முன்னால் 'காலாவதி' என்று ஒட்டிவிடுவார்கள். அதைக் கூப்பிடுகிறவன் ஒவ்வொரு தடவையும் அந்த நீளப் பெயரைத் தட்டச்சு செய்து கூச்சப்பட்டுத் தானாகவே விலகட்டும் என்று ஏற்பாடு. புரோகிராமர்களுக்குக் கூச்சம் வரும் என்று எதிர்பார்த்ததுதான் ஏற்பாட்டின் ஓட்டை. எட்டு வருடமாகக் கூச்சமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெருசுதான் ஒவ்வொருவர் வாசலாகப் போய் மாற்றினார்.

கடைசியாக மிஞ்சியது ஓர் அரதப் பழைய சிப்புக்கான கோப்பு. அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மூன்று கடிதம் போட வேண்டும், பதில் இல்லையென்றால் கோப்பையே தூக்கிவிடலாம் என்பது விதி. மூன்றாவது கடிதத்துக்கு, கெடு முடியும் நாளில், வேறொரு பெண்ணிடமிருந்து பதில் வந்தது. 'அவர் வேலையை விட்டுப் போய்ட்டார். இந்த மெயில் இப்போ என்கிட்ட. நான் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு கட்டடத்து லிஃப்டுல இந்த சிப்புதான் ஓடுது, உங்க டீபக்கர் வச்சுத்தான் பாக்குறேன். எடுத்துடாதீங்க சார்.' படித்த பெருசுக்கு மனசு கேட்கவில்லை. தூக்க வேண்டியதை உட்கார்ந்து புது வழிக்கு மாற்றினார். மாற்றும்போது ஒரு வரி இடறியது. ஒவ்வொரு முறை படித்த பிறகும் நகலையெல்லாம் குப்பையில் போடு என்று ஒரு வரி. பக்கத்தில் குறிப்பு: 'வேண்டும்.' அவ்வளவுதான். ஏன் வேண்டும், யாருக்கு வேண்டும், ஒரு எழுத்து இல்லை. அரை நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதியது என்று தீர்ப்புச் சொல்லி எடுத்துவிட்டார். புதுப் பதிப்பை வெளியிடுவதற்கு முன்பே அந்த அம்மாவுக்கு அனுப்பினார். 'வந்துச்சு, போட்டுக்கிட்டேன்' என்று பதில். அப்புறம் பத்து நாள் சத்தமில்லை. புகார் இல்லையென்றால் திருப்தி என்பது அவருடைய கணக்கு. கல்யாண வாழ்க்கையையும் அவர் அந்தக் கணக்கில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நாலு மணிக்கு வெர்ஷனை மூடுறேன், அப்புறம் எதையும் மாத்த முடியாது. பழசை எடுத்தாச்சு இல்ல?" அவருடைய குழுவுக்குத் தலைவியான லீட் எட்டிப் பார்த்தாள். அவரைவிடப் பதினான்கு வயது இளையவள். சந்தோஷமாக இருந்தால் அண்ணா என்பாள், கோபம் வந்தால் சார். இந்த வேலையை அவரிடமே விடலாம் என்று மேலே சண்டை போட்டவள் அவள்தான்.

"எடுத்தாச்சும்மா. எல்லாம் பாஸ். அதான் பயமா இருக்கு."

"உங்களுக்குப் பாஸானாலும் பயம், ஃபெயிலானாலும் பயம். போய் காபி குடிங்கண்ணா."

காபி எடுக்கப் போனபோது மனைவி போன் செய்தாள். பையனின் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ ஃபாரமாம். "பத்தாவதுன்னு போட்டு அனுப்பு, நான் சாயங்காலம் கையெழுத்துப் போடுறேன்" என்றார். "ஏங்க, அவன் பதினொண்ணு போய் ஆறு மாசமாச்சு." எப்போது போனான், தன்னிடம் யாராவது சொன்னார்களா என்று அவர் யோசித்துக்கொண்டே காபியில் இரண்டாம் முறை சர்க்கரை போட்டார்.

மூன்று மணிக்கு லிஃப்ட் அம்மாவிடமிருந்து அழைப்பு. எடுத்த எடுப்பில், "சார், உங்க மேல கோபமில்ல. எனக்கு ஒண்ணும் புரியல, அதான் கூப்பிட்டேன்" என்றாள். கோபமில்லை என்று ஆரம்பிக்கும் அழைப்புகளை அவர் அறிவார். நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"ஆறு மாடிக் கட்டடம் சார். கதவு ஒழுங்கா மூடலன்னுதான் போனேன். அப்படியே ஒரு தடவை எல்லாத்தையும் பாத்துடலாம்னு உங்க புதுசுல புரோகிராமை நிறுத்திப் பாத்தா, சக்கரம் எவ்வளவு சுத்திச்சுன்னு எண்ணுற ரிஜிஸ்டர் அசையவே மாட்டேங்குது. பிரேக்கைத் தளர்த்திக் கையால சுத்துறேன், லிஃப்ட் இறங்குது, நம்பர் அப்படியே நிக்குது. சுத்தைக் கணக்கெடுக்குற என்கோடர் செத்துடுச்சுன்னு புதுசு போட்டேன். அப்பவும் அதேதான். கேபிள் மாத்தினேன். அதேதான். எண்ணத் தெரியாத லிஃப்டை எப்படி சார் ஓட விடுறது? நாலு நாளா பூட்டி வச்சிருக்கேன். ஆறாவது மாடில ஒருத்தர் முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு வந்தவரு. நேத்து அவரை நாலு பேர் நாற்காலியில வச்சு இறக்கினாங்க. என்னைப் பாத்து அவரு கும்பிட்டுட்டுப் போனாரு. அதான் சார் தாங்கல."

பெருசு ஒரு தாளை இழுத்துக்கொண்டார். "பழசுல எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"பழசுல நல்லாத்தானே எண்ணிச்சு. ஆனா பழசை வச்சுப் பாத்தது பழைய என்கோடர் இருந்தப்போ. இப்போ எதை நம்புறது? என் கண்ணையா, உங்களையா?"

அவர் பழைய கோப்பைத் திறந்தார், புதியதைத் திறந்தார், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். புரோகிராம் நின்றால் சிப் நிற்கும். சிப் நின்றால் எண் நிற்கும். இதில் தப்பு எங்கே? ஆறாயிரம் சோதனையும் அதைத்தானே சொன்னது. அந்தச் சோதனைகள் ஓடியது கணினிக்குள் செய்த பொய்ச் சிப்பில், அதன் வாலில் எந்தச் சக்கரமும் கட்டியிருக்கவில்லை என்பது அவருக்கு உறைக்க ஆரம்பித்தபோதும், முழுதாக உறைக்கவில்லை. கண் எதிரே இருக்கும் சாவியைத் தேடுகிறவன் மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அம்மா, எனக்கும் புரியல. நீங்க செய்றதை நான் பாக்கணும். வீடியோ போட முடியுமா?"

லீட் வந்து பின்னால் நின்றாள். மணி நான்காக ஏழு நிமிடம். "சார், மூடட்டுமா?"

பெருசு திரும்பாமல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "கொஞ்சம் இங்க வாம்மா. இதைப் பாரு."

போனில் முதலில் இருட்டு, பிறகு கிரீஸ் படிந்த ஒரு கை, பிறகு மொட்டைமாடி இயந்திர அறை. ஓர் ஓரத்தில் அவளுடைய மடிக்கணினி. அதன் திரையில் அவருடைய டீபக்கர், 'நின்றிருக்கிறது' என்று எழுதி, கீழே ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது: 5120. "தளர்த்திச் சுத்துறேன் சார்" என்று குரல் மட்டும் வந்தது. உலோகம் முனகியது. பெரிய சக்கரம் மெல்ல அசைந்தது. அதன் விளிம்பில் யாரோ எப்போதோ வைத்த மஞ்சள் பெயிண்ட் கோடு மேலேறி, மறைந்து, கீழேயிருந்து மறுபடி வந்தது. 5120. கோடு மறுபடி மேலேறியது. லீட் உட்கார்ந்தாள். பெருசின் விரல் பழைய கோப்பில் அவர் எடுத்துப்போட்ட 'வேண்டும்' வரியின்மேல் போய் நின்றது. கம்பிகள் எங்கோ கீழே, ஆளில்லாத பெட்டியை மாடி மாடியாக இறக்கிக்கொண்டிருந்தன.