அக்காவுக்காகப் பேசுகிறவள்

காது கேளாதவர்கள் படிக்கும் கல்லூரி என்றால் ஊசி விழுந்தாலும் கேட்கும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாற்காலியை இழுக்கிற சத்தம், மேசையைத் தட்டுகிற சத்தம், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவனைத் திருப்புவதற்காக மரத்தரையில் ஓங்கி மிதிக்கிற சத்தம். அம்மாடி! சந்தைக்கடை தோற்றுப்போகும். அவ்வளவையும் காதால் கேட்டு அவதிப்பட்டது அந்தக் கட்டடத்தில் ஒரே ஆள்தான். முதல்வரின் தங்கை.

முதல்வருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. தங்கைதான் வாயும் காதும். காது கேளாதவர்களுக்கென்று ஒரு கல்லூரி இல்லாத காலத்தில் அக்கா சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தாள். தங்கை பள்ளியை முடித்த கையோடு தன் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வகுப்பில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து பேராசிரியர்கள் சொன்னதையெல்லாம் கையால் சொன்னாள். பாடம் இரண்டு பேருக்கும் ஏறியது, பட்டம் அக்காவுக்கு மட்டும் கிடைத்தது. யாராவது கேட்டால், "அதனால என்ன, எங்க வீட்ல ஃபிரேம் மாட்டறதுக்கு ஒரு ஆணிதான் இருக்கு" என்று சிரித்துச் சமாளிப்பாள்.

வேலையில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அக்கா 'நான்' என்றால் இவளும் 'நான்' என்பாள். அக்கா ஒருவரை மடையன் என்றால் அவர் முகத்துக்கு நேரே அதையும் சொல்லிவிடுவாள். இத்தனை வருடம் அடி வாங்காமல் தப்பித்தது அவள் அதிர்ஷ்டம். ஆனால் வெளியாள் எதிரே தன் சொந்தக் கருத்தைப் பற்றி மட்டும் மூச்சுவிட மாட்டாள். வீட்டில் வாயாடிதான். முதல்வர் அறைக்குள் நுழைந்துவிட்டால் அந்த வாய் அக்காவுடையது.

கல்லூரி அதுவரை நன்கொடையில் ஓடிக்கொண்டிருந்தது. கொடுத்துக்கொண்டிருந்த புண்ணியவான்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இனி அரசின் பொதுநிதி வந்தால்தான் உண்டு. அதைப் பெறுகிற தகுதி இந்தக் கல்லூரிக்கு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு கதவை இழுத்து மூட வேண்டியதுதான். பிள்ளைகளுக்குப் போக்கிடம் வேறு கிடையாது. அதைப் பார்த்து முடிவு செய்யத்தான் அன்று ஆய்வாளர் வந்திருந்தார்.

நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பை அவரும் செய்தார். தங்கையைப் பார்த்தே பேசினார். அக்கா மேசையைத் தட்டினாள். கைகள் படபடவென்று அசைந்தன.

"என்னைப் பார்த்துப் பேசுங்க சார். பக்கத்துல நிக்கறது என் தங்கச்சி. அவ சும்மா குழாய் மாதிரி. இந்தப் பக்கம் ஊத்தினா அந்தப் பக்கம் வரும்" என்று தங்கையே தன்னைப் பற்றி முகம் மாறாமல் சொன்னாள். ஆய்வாளர் விழுந்து விழுந்து சிரித்தார். தங்கைக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

வகுப்பறை, விடுதி, நூலகம் எல்லாம் பார்த்தாயிற்று. திரும்பி வந்து அறையில் உட்கார்ந்தார்கள். அறைக்குக் கண்ணாடிக் கதவு. அந்தக் கல்லூரியில் எல்லாக் கதவும் கண்ணாடிதான். மூடிய கதவு வழியாகவே பேசிக்கொள்ளலாம் அல்லவா? வெளியே பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். விரட்டினால் போகிற கூட்டமா அது?

"எல்லாம் சரியா இருக்கு மேடம். ஒண்ணே ஒண்ணுதான்..." என்று ஆய்வாளர் இழுத்தார். "தலைமைல இருக்கறவங்களோட நெருங்கின சொந்தம் யாரும் சம்பளத்துல இருக்கக் கூடாதுன்னு ஒரு விதி. உங்களுக்கு மொழிபெயர்க்கறது உங்க தங்கச்சியா போயிட்டாங்க. அவங்களுக்குப் பதிலா வெளியாளைப் போடறேன்னு ஒத்துக்கிட்டீங்கன்னா, தகுதி உண்டுன்னு இப்பவே கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

தங்கையின் பழகிய கை தானாக எழுந்தது. உதட்டின் மேல் இரண்டு விரலை வைத்தாள். 'வாய்' என்று அர்த்தம். அங்கே அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அதுதான். அந்தப் பெயரைக் காட்டி, அது இருக்கக் கூடாது, போக வேண்டும், வேறு ஆள் வர வேண்டும் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கைகள் எழுந்தன.

"எனக்குப் படிப்பு குடுக்கறதுக்காகத் தன் படிப்பை விட்டவ அவ. அவளை வெளிய தள்ளினாத்தான் கிடைக்கும்னா அந்தக் காசு எங்களுக்கு வேண்டாம். மரியாதையா எழுந்து போகச் சொல்லு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் அந்த ஆண்டுதான் சேர்ந்திருந்த தையல்காரர் மகள். தூக்கத்தில்கூட ஓயாது என்று விடுதியில் கேலி செய்வார்கள், அப்படிப்பட்ட கைகள் அவளுக்கு. அந்தக் கைகள் இப்போது பொத்தென்று கீழே தொங்கிப்போயின. தங்கை அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"ஒத்துக்கறேன் சார்" என்றாள், அக்கா சொன்னது போலவே. "சீக்கிரமே வேற ஆளைப் போட்டுடறேன்."

ஆய்வாளர் அக்காவை ஏறிட்டுப் பார்த்தார். "மேடம் கோவமா இருக்கற மாதிரி தெரியுதே?"

"அவங்களுக்குச் சந்தோஷம்னாலும் மூஞ்சி அப்படித்தான் சார். கல்யாண போட்டோலகூட இப்படித்தான் முறைச்சுக்கிட்டு நிக்கறாங்க."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "உங்களுக்கென்னம்மா, கோர்ட்லயும் ஆஸ்பத்திரிலயும் கூப்பிட்டு வேலை குடுப்பாங்க" என்று தங்கைக்கு ஆறுதல் சொன்னார். எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எழுந்து போ என்று சொல்லப்பட்ட ஆள் இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கை குலுக்குவாரா? அக்கா அவர் சிரிப்பைப் பார்த்தாள். மேசையில் இருந்த 'தகுதி உண்டு' என்ற எழுத்தைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். பேனா அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. இரண்டு வரி எழுதிக் காட்டியிருந்தால் எல்லாம் தலைகீழாகியிருக்கும். அவள் பேனாவைத் தொடவில்லை. வாசல் வரை போய் அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள்.

தங்கை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள், வசமாக மாட்டிக்கொண்ட திருடி போல.

"நான் என்ன சொன்னேன், நீ என்னடி சொன்ன?" அக்கா கைகளை வீசிக் கேட்டாள்.

"தப்புதான்க்கா. அந்தப் பொண்ணு கையைப் பார்த்தேன். மனசு கேக்கல."

"இத்தன வருஷத்துல என் பேச்சை ஒரு எழுத்துகூட மாத்தினதில்ல நீ."

"தெரிஞ்சும் ஏன்க்கா தடுக்கல? பேனா அங்கதானே இருந்துச்சு?"

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"கோவத்துல எடுக்கத்தான் போனேன். அப்பத்தான் உறைச்சுது. இந்த ரூம்ல நீ பேசினதெல்லாம் என் பேச்சு. உன் பேச்சுன்னு நீ பேசினது இது ஒண்ணுதான். உன்னைக் குழாய்னு வேற சொல்லிச் சிரிச்சேன். அதையும் நீயேதான் சொன்ன. உன் ஒரே பேச்சை நான் எப்படிடி அழிப்பேன்?"

தங்கைக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அக்கா அந்தத் தாளை எடுத்துப் போய்க் கண்ணாடிக் கதவில் எழுத்து வெளியே தெரியும்படி அழுத்திப் பிடித்தாள். பிள்ளைகள் படித்தார்கள், நம்பாமல் இன்னொரு முறை படித்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? மரத்தரை மிதிபட்டு மேசை மேல் இருந்த தேநீர்க் கோப்பைகள் குதித்தன.

அக்கா திரும்பி வந்து, ஆய்வாளர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் தங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தங்கை அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. அவள் இடம் எப்போதும் பக்கவாட்டில்தான்.

"பேச ஆரம்பிச்சுட்ட. வேற என்ன சொல்லணும் உனக்கு? சொல்லு."

தங்கை யோசித்தாள். ஊரில் உள்ளவர்கள் பேச்சையெல்லாம் சுமந்தவளுக்குத் தன் பேச்சென்று தேடினால் சட்டென்று ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"கை வலிக்குதுக்கா. ரொம்ப நாளாவே வலிக்குது."

அக்கா அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல் விரலாக நீவிவிட ஆரம்பித்தாள். கைகள் விடுபடும்வரை இரண்டு பேராலும் பேச முடியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்த தையல்காரர் மகள் அந்த நான்கு கைகளைப் பார்த்ததும் நின்றாள்; பின்னால் வந்தவர்களையும் இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனாள்.

தங்கை வாய்விட்டு அழுதாள். அக்காவுக்கு அது கேட்கவில்லை. கைக்குள் இருந்த கை நடுங்கியதில் தெரிந்துகொண்டு, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.