தலைகீழாகத் தொங்கிய ஆமோஸ்

கருங்கல் தூணின் அடியில் ஆமோஸ் தலைகீழாகத் தொங்கினான். ஒரு முழ உயரத் தூண்தான். கிழிந்த இடது காதைக்கூடச் சிற்பி ஈனோக் விட்டுவைக்கவில்லை; பாவிக்கு அப்படியொரு கை. ஸ்கிடகேட் துறையில் கரையேறியவர்கள் எல்லாம் ஈனோக்கின் ஜன்னலில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

அவன் சும்மா செதுக்கவில்லை. ஒரு விருந்தில் போதை தலைக்கேறி, "உங்கம்மா அடிமை வயித்துல பொறந்தவதானேடா!" என்று ஈனோக்கைப் பார்த்து ஆமோஸ் கத்திவிட்டான். பச்சைப் பொய். அண்டங்காக்கைக் குலத்தான் கழுகுக் குலத்தானைப் பார்த்து ஊர் நடுவே சொன்ன பொய். சபையில் பொய்யை ஒப்புக்கொண்டு ஈடு கொடுத்தால், வழக்கப்படி செதுக்கியவனே அந்த உருவத்தை உடைத்தாக வேண்டும். அதுவரை ஆமோஸின் பேர் நாறும்.

அந்தப் பேர்தான் அவனுக்கு உயிர். தாய்மாமனிடமிருந்து வந்தது, அக்கா டார்காஸின் மகனுக்குப் போகவேண்டியது. அவளோ, "தலைகீழாத் தொங்குற பேரை என் பிள்ளை தலையில கட்டாதே" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள்.

ஈடு கொடுக்கும் நாள் காலையில் ஜன்னல் காலியாக இருந்தது. உடைக்கத்தான் எடுத்து வைத்திருக்கிறான் என்று ஆமோஸ் பூரித்துப்போனான்.

"ஈனோக், உங்கம்மா பெரிய வீட்டுப் பொம்பளை. நான் சொன்னது பொய்." சபை நடுவே கம்பளிகளை வைத்தான். நீர்நாய்த் தோலை வைத்தான். மீன்நெய்ப் பெட்டிகளையும் வைத்தான்.

"அவ்வளவுதானா மச்சான்? படகு ஒண்ணு இருக்குமே?"

தன் கையால் குடைந்த தேவதாருப் படகு. அதையும் கொடுத்தான்.

"இப்ப உடைடா மச்சான்."

ஈனோக் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து வைத்தான். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெட்டிய கல் காய்ந்தால் பிளந்துவிடும் என்று ஈரத்துணி சுற்றி மலையிலிருந்து சுமந்தே வளர்ந்தவன் ஆமோஸ். செதுக்கி முடித்த கல்லுக்கு ஈரத்துணி எதற்கு? சந்தோஷத்தில் அவனுக்குக் கண் அவிந்துவிட்டது. மகனோடு சபையில் உட்கார்ந்திருந்த டார்காஸ் பார்த்துவிட்டாள். அவள் முகம் செத்துப்போனது.

மூட்டைக்குள் இருந்தது செதுக்காத மொட்டைக் கல்.

"பழசு விடியக்காலையில கப்பல் ஏறிடுச்சு. எவனோ தொப்பி போட்ட வெள்ளைக்காரன் வாங்கிட்டுப் போனான். எந்த ஊருன்னு நான் கேக்கல. கண்ணாடிப் பெட்டியில வைப்பானாம், உனக்குத் தூசுகூடப் படாது."

"அடப்பாவி! அப்புறம் எதுக்குடா எல்லாத்தையும் வாங்கினே?"

"நீ கொடுத்தே, வாங்கினேன். சபையில கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா உங்க குலத்து வழக்கம்?"

கழுகுக் குலத்துப் பெரியவர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டார்காஸ் மகனை இழுத்துக்கொண்டு எழுந்தாள். "அக்கா!" என்றான் ஆமோஸ். "உன் பேர் உன்னோடயே போகட்டும்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

ஈனோக் கல்லை மறுபடி ஈரத்துணியில் பத்திரமாகச் சுற்றினான்.

"நாளைக்குக் கல் எடுக்க மலைக்குப் போகணும் மச்சான். உனக்கும் பொழைப்பு வேணுமில்ல? வந்துடு. படகு என்னோடது, துடுப்பு மட்டும் நீ போடு."