வெள்ளிக்கிழமையிலிருந்து

மாஸ்டருக்கு இங்கிலீஷில் நேரம் காலம் சொல்லிக்கொடுப்பது தண்ணீர் பட்ட பாடு. ஒன்று எப்போது தொடங்கியது என்றால் 'சின்ஸ்', எவ்வளவு காலமாக நடக்கிறது என்றால் 'ஃபார்' என்று அவர் பலகையில் கோடு போட்டு விளக்கினால் மரமண்டைக்கும் ஏறும். வேலைதான் இன்னும் நிரந்தரமாகவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதெல்லாம் சும்மா. அந்தத் திங்கட்கிழமை மாலை டுடோரியல் முதலாளியே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வகுப்பு பிடித்தால் நிரந்தரம், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று முன்பே சொல்லியிருந்தார்.

மாஸ்டர் வகுப்பில் இரண்டு சட்டம். சரியாகச் சொன்னவருக்கு எல்லோரும் கைதட்ட வேண்டும். மட்டம் போட்டவர் அடுத்த வகுப்பில் எழுந்து நின்று காரணத்தை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அது பெரிய கூத்து. லாரி டிரைவர் ஒருமுறை தன் வயிற்றுப்போக்கை விளக்கப்போய் மானம் கப்பலேறியது. அதற்குப் பிறகு மனுஷன் காய்ச்சலோடுகூட வந்துவிடுகிறார்.

"சின்ஸ், ஃபார் வச்சு ஒரு வாக்கியம், சொந்த வாழ்க்கையிலேர்ந்து சொல்லணும். புஸ்தகத்துல இருக்கிறது வேணாம்," என்றார் மாஸ்டர்.

டிரைவர் பத்து வருஷமாக லாரி ஓட்டுவதைச் சொன்னார், கைதட்டல். பியூட்டி பார்லர் பெண் காலையிலிருந்து தனக்குப் பசி என்றாள்; சிரிப்பும் கைதட்டலும். முதலாளிக்கே பல் தெரிந்தது. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. வாயே திறக்காத ஒருவரைப் பேசவைத்துவிட்டால் காரியம் பழம் என்று தோன்றியது. சுவரோரம் இஸ்திரிக்கடை அக்கா இருந்தார். ஒருநாளும் மட்டம் போடாதவர், ஒருநாளும் பேசாதவர்.

"அக்கா, இன்னைக்கு உங்கள விடமாட்டேன். எழுந்திரிங்க."

"வேணாம் சார்."

"கூச்சப்பட்டா பாஷை வராதுக்கா. ஒரே ஒரு வாக்கியம்."

அக்கா எழுந்தார். பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "மை ஹஸ்பெண்ட்... ஹேஸ் நாட் மூவ்ட்... ஹிஸ் ரைட் ஹேண்ட்... சின்ஸ் ஃப்ரைடே."

ஒரு பிசிறில்லை. "பிரமாதம்," என்று மாஸ்டர் கையைத் தட்டினார். வகுப்பே தட்டியது. முதலாளி எழுந்து நின்று தட்டினார். அதற்குப் பிறகுதான் அக்கா சொன்னது என்ன என்பது மாஸ்டருக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து புருஷனுக்கு வலது கை அசையவில்லை என்கிறாள் ஒருத்தி, அதற்குக் கூட்டம் போட்டுக் கைதட்டியாயிற்று. அட பாவி மனுஷா! பார்லர் பெண்தான் முதலில் கையை இறக்கினாள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அக்கா மட்டும் பாஸான பிள்ளை மாதிரி லேசாகச் சிரித்து உட்கார்ந்தார்.

போகும்போது முதலாளி மாஸ்டரின் தோளில் தட்டினார். "அந்த அம்மாவையே பேச வச்சிட்டீங்களே. ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீங்க நிரந்தரம்."

இத்தனை நாள் ஏங்கிய சொல். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

எல்லோரும் போனதும் அக்கா மேசையருகே வந்தார். "சார், நான் சொன்னது சரிதானே? எல்லாரும் கை தட்டினாங்களே."

"சரிதான்க்கா. மன்னிச்சிருங்க. என்ன சொல்றீங்கன்னு நான் கவனிக்கவே இல்ல."

"அதுக்கென்ன சார். நாளைக்கு வீட்டுக்காரரப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், நரம்பு டாக்டர் நாளைக்குத்தான் வராராம். அந்த டாக்டருக்குத் தமிழ் வராதாம். எப்ப ஆரம்பிச்சதுன்னுதான் முதல்ல கேப்பாராம். அதான் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன்."

"நான் கூட வரேன்க்கா."

"வேணாம் சார், நானே சொல்லிக்குவேன். இன்னும் ஒண்ணு மட்டும் சொல்லிக் குடுங்க. ஏன் உடனே டாக்டர்கிட்ட காட்டலன்னு கேட்டா என்ன சொல்றது?"

"ஏன்க்கா போகல?"

அக்கா பையின் வாரையே பார்த்தார். "வெள்ளிக்கிழமை சாயந்தரமே அவர் கை மரத்துப்போகுது, போகாதேன்னார். கிளாஸ் முடிச்சிட்டு வந்துடறேன்னு நான் இங்க வந்துட்டேன். வரலன்னா எல்லார் முன்னாடியும் நிக்க வச்சிருவீங்களே சார். திரும்பிப் போறதுக்குள்ள பேச்சும் குழறிடுச்சு. பக்கத்து கிளினிக்குக்கு ஓடினேன். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேன்னாங்க."

மாஸ்டருக்கு அந்த வெள்ளிக்கிழமை நன்றாக ஞாபகம் இருந்தது. மட்டம் போட்டவர்களை நிற்கவைத்து, "இஸ்திரிக்கடை அக்காவப் பாத்துக் கத்துக்கங்க," என்று சொன்னவர் அவரேதான். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

'நான் வகுப்பில் இருந்தேன்' என்பதை இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தார். "ஐ வாஸ் இன் கிளாஸ்."

அக்கா திருப்பிச் சொன்னார். இன்னொரு தரமும் சொன்னார். "சரியா சார்?"

"சரி," என்றார் மாஸ்டர். கைகள் இரண்டையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.